மாடியில் இணைய வேகம் 94 மெகாபிட்டுக்கு மேல் ஏறவில்லை: எந்த ஸ்விட்ச் வாங்கலாம்?

மாடிவீடு: எங்களுடையது 300 மெகாபிட் திட்டம். கீழே ரூட்டரில் மடிக்கணினியை நேரடியாகச் செருகினால் முழு வேகமும் வருகிறது. மாடியில் 94-ஐத் தாண்டுவதில்லை. ஒரு நெட்வொர்க் கேபிளைப் பல கருவிகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி இருக்கிறதே, அந்த ஸ்விட்சில் நல்ல எட்டு போர்ட் ஒன்றைச் சொல்லுங்கள், நாளை கடைக்குப் போகிறேன்.

செப்புக்கம்பி: இப்போதுள்ள ஸ்விட்ச் எது, கேபிள் எந்த வகை, எத்தனை மீட்டர் என்று எதையுமே சொல்லவில்லையே?

அலைவரிசை: ரூட்டரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். மாடிக்கு வைஃபை இப்படித்தான் வரும்.

செப்புக்கம்பி: அவர் வைஃபை என்று எங்கே சொன்னார்? மாடிக்கும் கேபிள்தானா?

மூத்தகுடி: தம்பி, 94 என்ற எண்ணைப் பார்த்ததுமே விளங்கியிருக்க வேண்டும். 100 மெகாபிட் இணைப்பில் ஒவ்வொரு தரவுப் பொதியின் முன்னும் ஒட்டும் முகவரித் தலைப்புகளுக்குப் போக மிஞ்சுவது ஏறத்தாழ அவ்வளவுதான். உங்களுடையது 100 மெகாபிட்டுக்கு மேல் போகாத பழைய 10/100 ஸ்விட்ச். அடிப்படை தெரியாமல் கடைக்குப் போனால் கொடுத்ததை வாங்கி வருவீர்கள்.

மாடிவீடு: மாடிக்கும் கேபிள்தான், கேட் 5இ தரம், சுமார் 25 மீட்டர். ஸ்விட்ச் பெட்டியில் 10/100/1000 என்றுதான் அச்சிட்டிருக்கிறது, ஐயா.

செப்புக்கம்பி: அப்படியானால் எதையும் வாங்காதீர்கள். கேபிளுக்குள் இருக்கும் நான்கு இணைக் கம்பிகளில் 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகள் போதும். கிகாபிட்டுக்கு, அதாவது 1000 மெகாபிட்டுக்கு, நான்கு இணைகளும் வேண்டும் என்பதால், நீல இணையிலோ பழுப்பு இணையிலோ ஒரு கம்பி தொடாமல் போனாலும் இணைப்பு அறாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும், பயன்படுத்துபவருக்குப் பழுதே தெரியாது. ஸ்விட்சைத் தவிர்த்து, மாடிக்கு வரும் கேபிளை மடிக்கணினியிலேயே செருகி இணைப்பு வேகத்தைப் பாருங்கள்.

வேகப்பிரியன்: கேட் 5இ காலம் முடிந்துவிட்டது. அதற்கு அடுத்த தரமான கேட் 6 கேபிளை இழுத்துவிடுங்கள்.

செப்புக்கம்பி: கேட் 5இ 100 மீட்டர் வரை கிகாபிட்டைத் தாங்கும். சுவருக்குள் இருப்பதைப் பிடுங்கச் சொல்வது எளிது.

வேகப்பிரியன்: நாளை 10 கிகாபிட் வந்தால்? கேட் 6 அதையும் 55 மீட்டர் வரை தாங்கும்.

செப்புக்கம்பி: 300 மெகாபிட் திட்டக்காரருக்கா? கேட் 6 என்று அச்சிட்டு, அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய மலிவுக் கம்பியை விற்கிறார்கள். அதைவிட நல்ல செம்பில் செய்த கேட் 5இ எவ்வளவோ மேல்.

மாடிவீடு: நேரடியாகச் செருகியும் 100/100 என்றே காட்டியது. மாடிப்பக்க முனையை வெளிச்சத்தில் பார்த்தபோது, பழுப்புக் கம்பி மட்டும் செருகியின் உலோக முள்ளுக்கு அடியில் வராமல் ஒரு நெல் நீளம் பின்தங்கி நின்றது. வெட்டிவிட்டுப் புதிய செருகியை அழுத்திப் பொருத்தி கிரிம்ப் செய்தேன், இப்போது 290 வருகிறது. ஸ்விட்ச் வாங்கவில்லை. நன்றி.

மூத்தகுடி: 100 மெகாபிட் இணைப்புதான் என்று நான் அப்போதே சொன்னேன்.