கும்பகோணத்து முற்ற வீட்டில் முதல் குறும்படம்: வாடகைக் கேமரா தேவையா?

தாராசுரத்தான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். முதல் குறும்படத்தை எடுக்கத் திட்டமிட்டிருக்கிறேன். கதையின் பெரும்பகுதி கும்பகோணத்தில் உள்ள எங்கள் பெரியப்பாவின் பழைய முற்ற வீட்டில் நடக்கிறது. தனியாக வாழும் தாய், வீட்டை விற்பதற்காகச் சென்னையிலிருந்து வரும் மகன், இடையில் வந்துபோகும் வீட்டுத் தரகர் என மூன்றே பாத்திரங்கள். தாயாக நடிக்கவிருப்பவர் என் அத்தை. அவருக்கு நடிப்பு அனுபவம் கிடையாது. ஆனால் அவர் பேச்சில் உள்ள தஞ்சாவூர் வழக்கை எந்த நடிகையாலும் கொண்டுவர முடியாது என்பது என் எண்ணம். ஸ்கிரிப்ட் 18 பக்கம் வந்திருக்கிறது. மகன் வந்திறங்குவதை ரயில் நிலையத்திலும், தரகரை அவன் சந்திப்பதைப் பேருந்து நிலையத்திலும் வைத்திருக்கிறேன். கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் சனி, ஞாயிறு இரண்டு நாள்களில் படப்பிடிப்பை முடித்தாக வேண்டும்.

நல்ல கேமராவை லென்ஸுகளோடு சென்னையிலிருந்து வாடகைக்கு எடுத்தால் பணத்தில் பாதி போய்விடும். என் கைப்பேசியிலேயே எடுத்தால் தரம் போதுமா? வசனத்தை அங்கேயே பதிவு செய்வதா, பிறகு டப்பிங் பேசிக்கொள்வதா? தாய் வானொலியில் ஒரு பழைய திரைப்பாடலைக் கேட்பதாக ஒரு காட்சி இருக்கிறது. அரை நிமிடத்துக்கும் குறைவாகப் பயன்படுத்தினால் சிக்கல் வராது என்கிறார்கள், அது சரியா? முடிந்தவுடன் யூடியூபில் வெளியிடுவதா, விழாக்களுக்கு அனுப்புவதா? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வெட்டுமேசை எழுதியது:

கேமராவுக்கு முன்னால் பக்கக் கணக்கைப் பார்த்துவிடுவோம். திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது தொழிலில் உள்ள பொதுவான கணக்கு. 18 பக்கத்தை இரண்டு நாளில் எடுப்பதென்றால் நாளொன்றுக்கு 9 பக்கம் ஆகிறது. பழகிய யூனிட்டுக்கே நாளொன்றுக்கு நான்கைந்து பக்கம் என்பது நல்ல வேகம்; முதன்முறையாகக் கேமராவுக்கு முன் நிற்கும் ஒருவரை வைத்துக்கொண்டு அதைப்போல் இரு மடங்கை எதிர்பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை மாலையில் உங்கள் கதையின் முக்கியமான காட்சியை அவசர அவசரமாக ஒரே ஷாட்டில் முடிக்க நேரும். எனவே ஸ்கிரிப்ட்டை 10 அல்லது 11 பக்கத்துக்குக் குறையுங்கள்.

எதைக் குறைப்பது என்பதும் உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. ரயில் நிலையத்தில் படம் எடுக்க ரயில்வேயின் அனுமதி வேண்டும். அதற்குக் கட்டணமும் காத்திருப்பும் உண்டு. அனுமதியில்லாமல் கைப்பேசியில் எடுத்துவிடலாம் என்று நினைத்து மூன்று பேரோடும் மைக்கோடும் நடைமேடையில் நின்றால், ரயில்வே பாதுகாப்புப் படையினர் வந்து விசாரிப்பதிலேயே ஒரு பொழுது போய்விடும். அவன் ரயிலில் வந்தான் என்பதைக் காட்டியே தீர வேண்டுமா? திண்ணையில் பையை இறக்கிவைத்துவிட்டு, கதவைத் திறக்க யாரும் வராததால் அவன் காத்திருப்பதில் உள்ள செய்தி, ரயிலிலிருந்து இறங்குவதில் இல்லை. தரகரையும் திண்ணைக்கே வரவழைத்துவிடலாம். விற்கப்போகும் வீட்டின் திண்ணையில் அவர் உரிமையோடு உட்காருவது பேருந்து நிலையச் சந்திப்பைவிட வலுவான காட்சியாகவும் அமையும்.

கேமராவைப் பொறுத்தவரை உங்கள் கைப்பேசி போதும், அதைத் தானியங்கி நிலையில் விட்டுவிடாத வரைக்கும். வெளிச்சம், வண்ணச் சமநிலை, குவியம் ஆகியவற்றைக் கையால் பூட்டி வைக்க இடமளிக்கும் செயலி ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். பிளாக்மேஜிக் கேமரா என்ற செயலி இலவசமாகவே கிடைக்கிறது. நொடிக்கு 25 பிரேம் என்று நிலையாக வைத்து, ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு நொடியாக வையுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் குழல் விளக்குகளும் நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகின்றன. ஷட்டர் அதற்குப் பொருந்தாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும், அதை எடிட்டிங்கில் முழுமையாக நீக்க முடியாது. பிரேம் வேகம் நிலையாக இல்லாவிட்டால் தனியாகப் பதிவான ஒலி, காட்சி நீள நீள உதட்டசைவிலிருந்து விலகிச் செல்லும்.

முற்றத்தில் உச்சி வெயில் நேராக விழும்போது முகங்களில் கண்குழிகள் கறுத்துவிடும் என்பதால், முற்றக் காட்சிகளைக் காலை பத்து மணிக்குள்ளும் மாலை நான்குக்குப் பிறகும் வைத்துக்கொண்டு, நடுப்பகலைக் கூடத்துக்கும் அடுக்களைக்கும் ஒதுக்குங்கள். அத்தையின் காட்சிகளை முடிந்தவரை கதை வரிசைப்படியே எடுங்கள். தொழில்முறை நடிகர் எந்தக் காட்சியை முதலில் கேட்டாலும் கொடுப்பார். அனுபவமில்லாதவருக்குக் கதை எங்கே நிற்கிறது என்ற பிடிமானம் வேண்டும். ஒவ்வொரு ஷாட்டிலும் பேச்சு முடிந்தபின் ஐந்து நொடி கேமராவை ஓடவிடுங்கள். வெட்டுவதற்கு எனக்குப் பெரும்பாலும் உதவுவது அந்த ஐந்து நொடிதான், ஏனென்றால் ‘கட்’ சொல்லப்போகிறார்கள் என்று காத்திருக்கும் முகத்தில்தான் நடிப்பு இல்லாமல் இருக்கிறது.

காதுள்ளவன் எழுதியது:

படம் சுமாராக இருந்தால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். வசனம் புரியாவிட்டால் இரண்டாவது நிமிடத்தில் எழுந்து போய்விடுவார். மிச்சமாகும் வாடகைப் பணத்தை ஒலிப்பதிவாளர் ஒருவருக்குக் கொடுங்கள். உதவிக்கு வரும் நண்பரின் கையில் மைக் பொருத்திய பூம் கம்பைக் கொடுத்து விட்டுவிடாமல், அதையே வேலையாகச் செய்கிறவரைக் கூப்பிடுங்கள் என்கிறேன்.

அத்தையின் வழக்குக்காகவே அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்பதால் இடத்திலேயே பதிவு செய்வதுதான் முறை. ஆனால் அந்த வீடு அதற்கு எளிதாக இடம் கொடுக்காது. சிமெண்டு அல்லது ஓடு பதித்த தரையும், திரைச்சீலையே இல்லாத உயரமான சுவர்களும் ஒலியை எதிரொலித்துத் திருப்பி அனுப்பும். நீளமான ஷாட்கன் மைக் இத்தகைய மூடிய கூடத்தில் எதிரொலியையும் சேர்த்து வாங்கி, குரலைக் குடத்துக்குள் இருந்து வருவதுபோல் ஆக்கிவிடும். அதனால் உட்புறக் காட்சிகளுக்கு, எதிரே பேசுகிறவரின் குரலையே முக்கியமாக வாங்கும் குட்டையான ஹைப்பர்கார்டியாய்டு மைக்கைக் கேட்டு வாங்குங்கள். சட்டகத்தில் தெரியாத தரை முழுவதும் ஜமக்காளம் விரித்து, கேமராவுக்குப் பின்னால் உள்ள சுவரில் கனமான போர்வைகளைத் தொங்கவிடுங்கள். மைக் பேசுகிறவரின் தலைக்கு மேலிருந்து ஒன்றரை, இரண்டு அடிக்குள் இருக்க வேண்டும். அதற்கு இடமில்லாத அகலமான ஷாட்டுகளுக்கு மட்டும் உடையில் ஒளித்துவைக்கும் லேப்பல் மைக்கைப் பயன்படுத்தலாம். அத்தைக்குப் பட்டுப்புடவையோ மொடமொடவென்று கஞ்சி போட்ட புடவையோ வேண்டாம். துவைத்துப் பழகிய நூல்புடவை என்றால் உரசல் கேட்காது, பாத்திரத்துக்கும் பொருந்தும்.

மின்விசிறியை ஒவ்வொரு டேக்கிலும் நிறுத்தியாக வேண்டும். குளிர்பெட்டியையும் நிறுத்துங்கள், திரும்பப் போட மறக்காமலிருக்க உங்கள் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவது ஒலிப்பதிவாளர்களின் பழைய தந்திரம். விசிறி இல்லாமல் சித்திரையில் யாராலும் நடிக்க முடியாது என்பதால் மாதத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். மார்கழியில் வேண்டாம், விடியுமுன்பே கோயில் ஒலிபெருக்கிகள் பாடத் தொடங்கிவிடும். ஆடியிலும் அம்மன் கோயில்களால் அதே நிலைமைதான். பின்னணியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த இரண்டு ஷாட்டுகளை ஒட்டினால், வெட்டும் இடத்தில் பாட்டு தாவிக் குதிப்பது எல்லோருக்கும் கேட்கும். குரல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அந்தக் காட்சி உடைந்துவிடும். தையின் பிற்பகுதி உங்களுக்கு ஏற்றது. மாசி என்றால் மாசி மகத்தை ஒட்டிய நாள்களைத் தவிர்த்துவிடுங்கள், மகாமகக் குளத்தைச் சுற்றிய தெருக்களில் அன்று அமைதியே இருக்காது. காகமும் அணிலும் கத்தட்டும், அவை அந்த வீட்டுக்கு உரியவை.

பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் இருக்கட்டும். உரத்த பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அறையிலும் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து ஒரு நிமிட வெறும் அமைதியைப் பதிவு செய்யுங்கள். வசனங்களுக்கு இடையே ஒட்டுப்போட அந்த ரூம் டோன்தான் துணி. காட்சி முடிந்ததும் கேமராவை நிறுத்திவிட்டு, அதே இடத்தில் அதே மனநிலையில் அத்தையை வசனங்களை மறுபடி ஒருமுறை பேசச் சொல்லி வைல்டு டிராக்காக எடுத்துவையுங்கள். வாகன இரைச்சலில் கெட்டுப்போன ஒரு சொல்லை அதிலிருந்து எடுத்துப் பொருத்திவிட முடியும்.

டப்பிங்_தியேட்டர் எழுதியது:

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் டப்பிங்கை ஏதோ குறைபாட்டைப்போல் ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. தமிழ்த் திரைப்படங்கள் பல பத்தாண்டுகளாக டப்பிங்கில்தான் பேசி வந்திருக்கின்றன. மகனும் தரகரும் தெருவோரத் திண்ணையில் பேசும் காட்சியில், மோட்டார் சைக்கிள்கள் போய்வந்தபடி இருக்கும் பகல் நேரத்தில், எவ்வளவு நல்ல மைக்கும் முழுமையாகக் காப்பாற்றாது. அந்தக் காட்சியை மட்டும் முன்கூட்டியே டப்பிங் என்று முடிவுசெய்துவிட்டு, அந்த இடத்துப் பேச்சை டப்பிங்குக்கு வழிகாட்டும் பைலட் டிராக்காக மட்டும் எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு வண்டிக்கும் டேக்கை நிறுத்திக் காத்திருக்கும் நேரம் மிச்சமாகும். ஒரு நிபந்தனை: டப்பிங் பேசிய காட்சிக்குக் காலடி, நாற்காலி நகர்வது, தம்ளர் வைக்கும் ஓசை அனைத்தையும் ஃபோலியாக, அதாவது படத்தைப் பார்த்தபடி தனியே எழுப்பிப் பதிவு செய்து, சேர்க்க வேண்டும். குறும்படங்களில் டப்பிங் செயற்கையாகக் கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் குரலாக இருப்பதில்லை. குரலைச் சுற்றி ஒன்றுமே கேட்காததுதான்.

காதுள்ளவன் எழுதியது:

திண்ணைக் காட்சிக்கு ஒப்புக்கொள்கிறேன். அத்தையை மட்டும் டப்பிங் அறைக்குள் அழைத்துப் போகாதீர்கள்; திரையில் தம் உதட்டைப் பார்த்துப் பேசத் தொடங்கியதும் அனுபவமில்லாதவர்களின் பேச்சு வாசிப்பதுபோல் ஆகிவிடும்.

திரைச்சீலை எழுதியது:

பாட்டு, விழா ஆகிய இரண்டு கேள்விகளுக்கும் நான் பதில் சொல்கிறேன். முப்பது நொடிக்குள் பயன்படுத்தினால் சிக்கலில்லை என்பது எங்கிருந்து கிளம்பியதோ தெரியவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. நன்றி அறிவிப்பில் பெயர் போட்டுவிட்டால் போதும் என்பதும் தவறு. ஒரு திரைப்பாடலில் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு என்று மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. வரிகளும் மெட்டும் ஆக்கியவர் மறைந்தபின் 60 ஆண்டுகள் வரையும், ஒலிப்பதிவு வெளியான பின் 60 ஆண்டுகள் வரையும் பாதுகாக்கப்படும். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் மறைந்துவிட்டதால் அவர் வரிகளின் காலம் முடிந்துவிட்டது. ஆனால் அவர் பாடல்களுக்கு இசையமைத்தவர்களில் ஒருவரான எம்.எஸ்.விஸ்வநாதன் மறைந்தது 2015இல்தான். ஆக, பாடல் பழையது என்பதால் மட்டும் விடுதலை கிடைத்துவிடாது. யூடியூபின் தானியங்கி அடையாள முறை சில நொடி இசையைக்கூடக் கண்டுபிடித்துவிடும் என்பது ஒருபுறம். உரிமைக் கடிதங்களைக் கேட்கும் விழாக்களில் நீங்கள் காட்ட ஒன்றும் இருக்காது என்பது மறுபுறம்.

பாரதியின் வரிகள் அனைவருக்கும் பொது. ஆனால் அவற்றைப் பாடிய புதிய இசைத்தட்டு பொதுவன்று. என் யோசனை, வானொலியையே எடுத்துவிட்டு, அத்தைக்குத் தெரிந்த மரபான தாலாட்டு ஒன்றை வேலை செய்துகொண்டே அவரைப் பாடச் சொல்லுங்கள். மகன் கேட்டு வளர்ந்த பாட்டு என்றால் கதைக்கும் ஏதோ செய்யும். பின்னணி இசை அமைக்கும் நண்பரிடமும், நடிகர்களிடமும், வீட்டு உரிமையாளரான உங்கள் பெரியப்பாவிடமும் விழா, இணையம், தொலைக்காட்சி என எல்லா ஊடகங்களையும் குறிப்பிட்ட ஒப்புதல் கடிதத்தைப் படப்பிடிப்புக்கு முன்பே வாங்கிவிடுங்கள். உறவினர்தானே என்று விட்டுவிடுகிற இடத்தில்தான் பிறகு பேச்சு வளர்கிறது.

முதலில் விழாக்களுக்கு அனுப்புங்கள். இணையத்தில் ஏற்கெனவே பொதுவில் உள்ள படத்தை ஏற்காத விழாக்கள் பல. விழாவுக்குப் போய்வந்த படத்தை யூடியூபில் போட யாரும் தடை சொல்லப்போவதில்லை. திருவனந்தபுரத்தில் கேரளச் சலச்சித்திர அகாதெமி நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழாவும், 1990 முதல் நடந்துவரும் மும்பை சர்வதேசப் பட விழாவும் உங்கள் பட்டியலில் இருக்கட்டும். பிரான்சின் கிளர்மான் ஃபெரான் விழா குறும்படத்துக்கே உரிய பெரிய விழா. போட்டி கடுமையானது, இருந்தாலும் முயலலாம். ஆஸ்கர் விதிப்படி 40 நிமிடம் வரை குறும்படம்தான் என்றாலும், விழாத் தேர்வாளர்கள் ஒரு நிகழ்ச்சிக்குள் பல படங்களை அடுக்க வேண்டியிருப்பதால், அறிமுகமில்லாதவரின் 25 நிமிடப் படத்துக்கு இருப்பதைவிட 11 நிமிடப் படத்துக்கு வாய்ப்பு அதிகம். பக்கத்தைக் குறைக்கச் சொன்னவர் அறிந்தோ அறியாமலோ இதற்கும் உதவியிருக்கிறார்.

மாதந்தோறும் விருது வழங்கும் பெயரளவு விழாக்களில் பணத்தைக் கரைக்காதீர்கள். அங்கே திரையிடலே நடப்பதில்லை, கட்டணம் செலுத்திய பெரும்பாலோருக்கும் விருதைக் குறிக்கும் இலைவளையச் சின்னம் வந்துவிடும். கட்டணத்துக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை ஆங்கிலத் துணையுரைக்கு வையுங்கள். அத்தையின் வழக்கைப் பொறுமையாகச் சுருக்கி, இரண்டு வரிக்குள் படித்து முடிக்கும்படி எழுதத் தெரிந்தவர் வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பு அங்கே கைகொடுக்காது.

தாராசுரத்தான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் நீக்கியதில் ஸ்கிரிப்ட் 12 பக்கத்துக்கு வந்திருக்கிறது. தரகர் திண்ணைக்கு வந்துவிட்டார். தாலாட்டு யோசனையை அத்தை உடனே ஏற்றுக்கொண்டார், அவர் அம்மா பாடியது ஒன்று நினைவிருக்கிறதாம். அதை அரிசி புடைத்துக்கொண்டே பாடுவதாக வைக்க நினைக்கிறேன். பாட்டை நேரடியாகப் பதிவு செய்வதா, முன்பே பதிவு செய்து வாயசைக்கச் சொல்வதா?

காதுள்ளவன் எழுதியது:

வாயசைக்கச் சொல்லாதீர்கள். சுருதிப் பெட்டி இல்லாமல் பாடுகிறவர் ஒவ்வொரு டேக்கிலும் வேறு சுருதியில், வேறு வேகத்தில் தொடங்குவார் என்பதால், ஒரு டேக்கின் முதல் அடியையும் இன்னொன்றின் இரண்டாம் அடியையும் ஒட்ட முடியாது. அகலமான ஷாட்டில் தொடங்கி முழுப் பாட்டையும் ஒரே டேக்கில் பாடவையுங்கள். மூன்று முறை எடுத்து நன்றாக வந்ததன் ஒலியை அந்தக் காட்சி முழுவதற்கும் அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் முறம், கை, தரையில் சிதறும் உமி, வாசற்படியில் நின்று கேட்கும் மகனின் முகம் என்று வாய் தெரியாத ஷாட்டுகளை எடுத்து வெட்டிக்கொள்ளலாம். முறத்தில் மட்டும் முழுப்படி அரிசியைக் கொட்டாமல் ஒரு கைப்பிடி போடச் சொல்லுங்கள்; அதிகமானால் அரிசியின் ஓசை குரலை மூடிவிடும். புடைக்கும் ஓசையைப் பாட்டு முடிந்ததும் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்து, வேண்டிய அளவுக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.