புதுப்பிப்பு: முடக்குவாதத்தோடு தைராய்டும் இருந்தால்

அசதியை முடக்குவாதத்தின் (மூட்டுகள் வீங்கி வலிக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) கணக்கிலேயே எழுதிவிடாமல் டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் அளவு) பாருங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். தைராய்டு குறைவுக்கான தைராக்சின் மாத்திரை போட்டும் டி.எஸ்.எச். இறங்கவில்லையே, ஏன் என்று காரைக்குடியிலிருந்து கேட்டிருந்தார்கள்.

முதலில் விடிகாலைக் காபியைக் கவனியுங்கள். தைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். ஸ்டீராய்டோடு தரும் கால்சியத்துக்கு 4 மணி நேர இடைவெளி. சேர்த்துப் போட்டால் மருந்து குடலிலேயே அதோடு ஒட்டிக்கொள்ளும், உடம்பில் சேராது. அளவை மாற்றினால் மறுபரிசோதனை 6–8 வாரம் கழித்து.

ஒன்று மட்டும் மன்றாடிக் கேட்கிறேன்: தைராக்சின் தினமும், முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரே நாள். இரண்டுமே சின்ன மாத்திரை. பார்வை மங்கிய ஆச்சி இருக்கும் வீட்டில் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் விழுங்கினால் வாய் புண்ணாகும், ரத்த அணுக்கள் சரியும், உயிருக்கே ஆபத்து. அட்டையிலேயே கிழமையைப் பெரிதாக எழுதிவிடுங்கள்.