அப்டேட்: பேக்ல ஸ்டவ் எரிபொருள் கொண்டு போறது

போன தடவை கேட்டிருந்தேன்ல, ட்ரெக்கிங் பேக்ல வைட் கேஸ் (பேர்தான் கேஸ், பெட்ரோல் மாதிரி திரவமா இருக்கிற ஸ்டவ் எரிபொருள்) பாட்டிலை உள்ள வைக்கிறதா வெளி பாக்கெட்லயா, லேசா வாசனை வேற வருதேன்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. வெளி சைடு பாக்கெட்தான், நிமிர்த்தி, ஸ்ட்ராப் போட்டு. உள்ள வச்சே ஆகணும்னா சாப்பாட்டுக்குக் கீழ, தனி ஜிப் கவர்ல. மூடியோட ஓ-ரிங்கை (கசியாம இருக்க உள்ள போட்டிருக்கிற ரப்பர் வளையம்) விரலால தடவிப் பாத்தா ஒரு பக்கம் காஞ்சு வெடிப்பு விட்டிருந்துச்சு, வாசனைக்குக் காரணம் அதான், புதுசு மாத்திட்டு பாட்டிலை ஒரு பேப்பர் மேல கவுத்து வச்சுப் பாத்தேன், ஒரு சொட்டு இல்ல. அப்புறம் வழிய வழிய ஊத்தாதீங்க, வெயில்ல சூடானா உள்ள இருக்கிறது விரியும், பாட்டில்ல போட்டிருக்கிற கோட்டோட நிறுத்திக்கோங்க. நடக்கும்போது, பாட்டில் வாயில மாட்டி காத்தடிக்கிற ஸ்டவ் பம்பைக் கழட்டிட்டு மூடி போடுறதுதான் நல்லது, பம்ப் நிறைய பிளாஸ்டிக், இடிபட்டா போச்சு. கழட்டுறப்போ புஸ்ஸுனு ஆவி வரும், பக்கத்துல நெருப்பு ஆகாது. ஸ்பிரிட் (ஆல்கஹால்) ஸ்டவ்காரங்களே, பகல்ல அந்தத் தீ கண்ணுக்கே சரியாத் தெரியாது, அணைஞ்சிருச்சுன்னு நினைச்சு மேல ஊத்திறாதீங்க. தண்ணி பாட்டில்ல மட்டும் யாரும் எரிபொருள் ஊத்தி வைக்காதீங்க சாமி, இருட்டுல தாகத்துல எவனாவது எடுத்துக் குடிச்சிருவான். ஃப்ளைட்ல எரிபொருள் கிடையவே கிடையாது, செக்-இன் பேக்லயும் சேத்துதான், போய் இறங்கித்தான் வாங்கணும்.