பாலக்காடு சித்தூர் தாலுகாவில் கருத்தடை ஆய்வு: நிதிக்கு யாரை அணுகுவது?

எல்லைக்காரி:
பிஎச்டி முடித்தாகிவிட்டது, நர்சிங் கல்லூரியில் ஒப்பந்த வேலை. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கம் தமிழ் பேசும் பெண்கள் நேராகக் குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குப் போகிறார்கள். நடுவில் மாத்திரை, காப்பர் டி எதுவும் இல்லை. ஏன் என்று ஒரு வருடம் ஆய்வு செய்ய வேண்டும். 8 லட்சம் போதும். வெளிநாட்டு நிதி கேட்கலாமா?

மலையோரம்:
வெளிநாட்டுப் பணம் வேண்டாம் மேடம். கல்லூரிக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இருக்கிறதா என்று முதலில் கணக்குப் பிரிவில் கேளுங்கள். இல்லையென்றால், பதிவுள்ள தொண்டு நிறுவனம் வாங்கி உங்களுக்குத் தரட்டும் என்ற குறுக்குவழியும் 2020 திருத்தத்தோடு அடைபட்டுவிட்டது. பதிவு இருந்தாலும் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) வழியாக ஹெச்எம்எஸ்சி என்ற சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவின் ஒப்புதல் வாங்கியாக வேண்டும். 8 லட்சத்துக்கு அந்த அலைச்சல் கட்டாது.

உள்நாட்டில், ஏஎன்ஆர்எஃப் என்ற மத்திய அரசின் ஆய்வு நிதி அமைப்பு தரும் இளம் ஆய்வாளர் நிதி நிரந்தரப் பணியில் உள்ளவருக்குத்தான். ஐசிஎம்ஆர் சிறு திட்ட நிதிக்கு, நிரந்தரப் பணியில் உள்ள ஒருவரை முதன்மை ஆய்வாளராக வைத்து நீங்கள் இணை ஆய்வாளராகச் சேருங்கள். படிப்புக்குப் பின் இடைவெளி விழுந்திருந்தால் கேரள அறிவியல் தொழில்நுட்பக் கவுன்சிலின் 'பேக் டு லேப்' (ஆய்வுக்குத் திரும்பும் பெண்களுக்கான திட்டம்) அறிவிப்பையும் பாருங்கள்.

முன்மொழிவின் முதல் பத்தியில் ஒரே விஷயம்: என்எஃப்ஹெச்எஸ்-5 (ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு) படி நாட்டில் மணமான பெண்களில் 37.9% பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அதன் மாவட்ட அறிக்கையில் பாலக்காட்டுக்கு எண் இருக்கும், தமிழ் பேசுபவர்களுக்கென்று தனியாக இருக்காது. அந்த ஓட்டையைத்தான் நீங்கள் அடைக்கப் போகிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
மாதிரி அளவைச் சும்மா 300 என்று போட்டால் குழு முதல் சுற்றிலேயே திருப்பி அனுப்பும். உண்மையான விகிதம் முன்கூட்டியே தெரியாததால் 50% என்று எடுத்து, பிழை 5% வைத்தால் 384 பேர். வார்டு வாரியாகத் தேர்ந்தெடுத்தால் பதில்கள் ஒரே மாதிரி வரக்கூடும், அதற்காக 1.5-ஆல் பெருக்கினால் 576. பதில் தராதவர்களுக்கு 10% விட்டால் 640. ஒருவர் நாளுக்கு 5 பேட்டி என்றால் 128 ஆள்நாள். கூலி 800 என்று வைத்தாலே 1,02,400 ரூபாய். பஸ் இல்லாத தோட்டங்களுக்கு ஆட்டோ தனி.

பேட்டிக்கு இருவர் சேர்ந்து போக வேண்டும். மாமியார் திண்ணையில் இருந்தால் மருமகளிடம் "எல்லாம் சரிதான்" தவிர வேறு பதில் வராது. ஒருவர் மாமியாரிடம் குடும்ப விவரம் கேட்கட்டும், மற்றவர் உள்ளே பேசட்டும். ஆள்நாள் இரட்டிக்கும், அதையும் சேர்த்தே கேளுங்கள்.

சுகந்தி:
கேள்வித்தாளை மலையாளத்திலிருந்து அப்படியே மொழிபெயர்க்காதீர்கள். "மாதவிடாய் சுழற்சி" என்று கேட்டால் விழிப்பார்கள்; "தூரம்", "நாள் தள்ளிப்போச்சா" என்றால் சட்டென்று பதில் வரும். வேறொருவரை வைத்துத் தமிழிலிருந்து மலையாளத்துக்குத் திருப்பி மொழிபெயர்த்துப் பொருள் மாறவில்லையா என்று பார்க்கவும், 20 பேரிடம் முன்சோதனை செய்யவும் செலவு எழுதுங்கள்.

வயது வரம்பு 18-இல் தொடங்கட்டும். அதற்குக் கீழே போனால் பெற்றோர் சம்மதம், அந்தப் பெண்ணின் இசைவு, போக்சோ (சிறார் பாலியல் குற்றத் தடுப்புச் சட்டம்) 19-ஆம் பிரிவின்படி போலீசுக்குத் தகவல் சொல்லும் கடமை என எல்லாம் வந்து நிற்கும். வீட்டில் 17 வயது மருமகள் இருந்தால் பேட்டியாளர் என்ன செய்வார் என்று நெறிமுறைக் குழு நிச்சயம் கேட்கும். பதிலை முன்பே எழுதி வையுங்கள்.

எல்லைக்காரி:
640, இருவர் அணி. பட்ஜெட்டைத் திரும்பப் போடுகிறேன். 8 லட்சம் போதாது போலிருக்கிறது.