கொங்குக் கிராமத் தடங்களில் சைக்கிள்: எதிர்ப்பட்ட ஒரு ஆளைப் பற்றிச் சொல்லுங்கள்

காத்தாடிக்காடு

எந்த வழி நல்லது என்று கேட்கும் பதிவுகள் போதுமான அளவு வந்துவிட்டன. இது அதற்கில்லை. தடத்தில் எதிர்ப்பட்டு இன்றுவரை மனதைவிட்டுப் போகாத ஒரே ஒரு ஆளைப் பற்றி எழுதுங்கள். கிலோமீட்டர் கணக்கு வேண்டாம், செயலியில் எடுத்த வரைபடமும் வேண்டாம்.

என்னுடையது ஆடி மாதத்துக் கதை. தாராபுரத்திலிருந்து பூளவாடி வழியாகக் குடிமங்கலம். அந்த மாதத்தில் அங்கே மேற்கே பார்த்து ஓட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காற்றாலைகள் எல்லாம் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுழலும். இறக்கத்தில்கூட மிதித்தால்தான் வண்டி நகரும். பின்னாலிருந்து ஒரு எக்ஸ்எல் மொபெட் வந்தது. இரண்டு பக்கமும் பால் கேன். ஓட்டியவர் தலையோடு வாயையும் சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தார். என்னைத் தாண்டியவர், வேகத்தைக் குறைத்து என் முன்சக்கரத்துக்கு நேர் எதிரே வந்து அப்படியே போய்க்கொண்டிருந்தார். நான் தளர்ந்தால் அவரும் தளர்ந்தார். காற்று சட்டென்று நின்றுபோனது. காலி கேன்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு இட்டேரி, அதாவது இரண்டு பக்கமும் வேலி வைத்த மண்தடம், வந்ததும் இடக்கையைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே இறங்கிவிட்டார். நன்றி என்று நான் கத்தியது எதிர்காற்றில் அவர் காதுக்குப் போயிருக்காது.

வேண்டுமென்றேதான் மறைத்துக்கொண்டு வந்தாரா, பெட்ரோலை மிச்சம் பிடிக்க மெதுவாகப் போனாரா? வீட்டில் கேட்டால் பெட்ரோல்தான் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பழைய ஹீரோ ஜெட்

சென்னிமலை, கொடுமணல். தொல்லியல்காரர்கள் தோண்டிய ஊர், தடம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மழை விட்ட மறுநாள். செம்மண் இட்டேரி, இரண்டு பக்கமும் கிளுவை வேலி தளிர்விட்டிருந்தது. ஒரு படலுக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தா, "தோண்டற ஆபீசருங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்காத்தா, சும்மா சைக்கிள்ல வந்தனுங்."

"அப்பச் செரி" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தார். வெற்றிலை, மடித்த பத்து ரூபாய், கூடவே ஒரு பாசிமணி. துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். சிவப்பு. இரண்டு விரலில் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கினார். அந்தச் சிவப்பு அவர் கட்டைவிரல் நகத்தில் ஒரு பொட்டாக விழுந்தது. குறுக்கே போட்டிருந்த துளை கோணாமல் நேராக இருந்தது.

"மழை பேஞ்சா மேல வரும் சாமி. எத்தனை வருசத்துது இது?"

இரண்டாயிரம் இருக்கும் என்றேன். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் இதுதான், இங்கே மணிக்குத் துளைபோடும் பட்டறையே இருந்தது என்றெல்லாம் எடுத்துவிட்டேன். அவர் காதில் போட்டுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

"ரெண்டாயிரம் வருசம் மண்ணுல கெடந்தும் நெறம் போவல பாரு. எம்மருமவ வாங்குன பாசி ரெண்டே மாசத்துல வெளுத்துப்போச்சு" என்றார். அப்புறம், "இந்தா, நீ கொண்டுபோ."

வேண்டாமுங்க என்றேன். வீட்டுக்கு வந்த ஒறம்பரைக்கு நீட்டிய பலகாரத்தை ஒதுக்கியது போல அவர் முகம் சுருங்கியது. அந்த முகம்தான் இன்னும் நிற்கிறது. வாங்கியிருக்கவும் முடியாது. சரி, வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.

நெருஞ்சிமுள்

முதல் பதிவு எழுதிய நண்பருக்கு. ஆடியில் களைத்த பிறகு மேற்கே திரும்பினால் பால்காரர்கள் எத்தனை பேர் வந்தாலும் போதாது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. மலை தடுத்து நிறுத்தும் காற்று அந்தச் சந்தில் புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரை வீசும். அங்கே காற்றாலைகளை நட்டிருப்பதே அதற்காகத்தான். வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை, விடியும் முன் மேற்கே கிளம்பிவிடுங்கள். அப்போது காற்றுக்குச் சற்று ஓய்வு. பொழுது ஏறியபின் திரும்பினால் அதுவே தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். மார்கழி, தையில் இது தலைகீழ். அப்போது கிழக்கிலிருந்து வீசும்.

டயர் விஷயம். இட்டேரிக்குள் போவதாக இருந்தால் 25 மில்லிமீட்டர் டயரை வீட்டில் வைத்துவிட்டு 32-க்கு மேல் போடுங்கள். வேலி கழிக்கும் பருவத்தில் வெட்டிய முள்ளைத் தடத்திலேயே தள்ளிவிடுவார்கள். வெள்வேல முள் டயரைத் துளைத்து உள்ளே ஒடிந்துகொள்ளும், வெளியே பார்த்தால் தெரியாது. டியூப் மாற்றும்முன் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் துடையுங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். இதைச் செய்யாமல் புது டியூபையும் பஞ்சராக்கிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்தாயிற்று.

நாய். தோட்டத்து நாய் தன் எல்லை வரைதான் துரத்தும். வேகமாக மிதித்தால் அதற்கு உற்சாகம் கூடும். இறங்கி, சைக்கிளை நடுவில் விட்டுக்கொண்டு நடந்தால் தானாக நின்றுவிடும். தண்ணீரும் கையோடு இருக்கட்டும், ஊர்க் கடைகள் மதியத்தில் சாத்தியிருக்கும். பனங்காட்டுப் பக்கம் காலையில் போனால் தெளுவு, அதாவது பதநீர், கிடைக்கும். வெயில் ஏறினால் புளித்துவிடும்.

அனுபவம் கேட்டீர்கள். ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் பம்ப்பைப் பிடுங்கி அவனே காற்றடித்தான். முடித்துவிட்டு டயரை அமுக்கிப் பார்த்து, "இது பத்தாதுங்ணா" என்று மறுபடியும் அடித்தான். அவ்வளவுதான்.

ஏட்டுச்சுவடி

ஹீரோ ஜெட் நண்பரே, வாங்காதது நல்லதாயிற்று. ஆனால் அதோடு விட்டுவிட்டு வந்தது சரியல்ல. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். சட்டத்தை விடுங்கள், எந்த இடத்தில் எந்த ஆழத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் பாசிமணி வெறும் கல்தான். நீங்கள் சொல்லும் சிவப்பு சூதுபவளமாக இருக்க வேண்டும். அது நம் பக்கத்துக் கல்லே அல்ல. படியூரில் பச்சைக்கல் கிடைக்கும், சூதுபவளம் குஜராத் பக்கமிருந்து வந்து கொடுமணலில் துளை போடப்பட்டது. அவ்வளவு தூரம் பயணம் செய்த ஒரு சாட்சி முந்தானையில் வெற்றிலையோடு கிடக்கிறது. எனக்குத் தூக்கம் வராது.

என் கதை: அறச்சலூர் நாகமலையில், இரண்டாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டுக்குக் கீழே உட்கார்ந்து ஒரு பெரியவர் செல்போனில் சத்தமாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுதியவன் பெயர் தேவன் சாத்தன் என்று காட்டினேன். "நம்ம சாத்தனா?" என்று கேட்டுவிட்டு மறுபடி பாட்டை வைத்தார். நம்ம என்றால் யாருடைய என்று இன்றும் யோசிக்கிறேன்.

வாய்க்கால்கரை

காலிங்கராயன் வாய்க்கால். பவானியில் தொடங்கிக் கொடுமுடிப் பக்கம் நொய்யலில் போய்ச் சேரும் வரை சுமார் 90 கிலோமீட்டர். 1283-இல் வெட்டி முடித்ததாகச் சொல்வார்கள். பாம்பு போன தடத்திலேயே வெட்டினார் என்று ஒரு கதை உண்டு, கரையில் ஓட்டிப் பார்த்தால் நம்பலாம் போலிருக்கும், அத்தனை வளைவு. ஈரோட்டைத் தாண்டும் வரை சாயக்கழிவு நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் மஞ்சள், வாழை, கரும்பு, நெல்.

மாசி மாதம், தனியாகத்தான் போயிருந்தேன். கரையோரம் ஒரு களத்தில் மஞ்சள் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். கொப்பரையின் மேல் போட்டிருந்த சாக்கு விளிம்பில் ஆவி கசிந்தது. அந்த வாசனைக்குத்தான் நின்றேன். ஒரு ஆத்தா வந்தார்.

"ஒத்தையிலயா வந்தே அம்மிணி? ஊட்ல உட்டாங்களா?"

உட்கார வைத்தார். காப்பி வந்தது. "உங்கம்மாளுக்குப் போனைப் போடு" என்றார். போட்டுக் கொடுத்தேன். "உம்புள்ளை இங்க பத்திரமா இருக்கறா, கவலைப்படாதே" என்று ஆரம்பித்தவர், எந்தூரு, எந்தக் கோயிலு என்று போய்விட்டார். அம்மா குலதெய்வத்தின் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். ஆத்தா முகம் மலர்ந்து, "அட, நம்மூட்டுப் புள்ளை!" என்று என் கன்னத்தைத் தடவினார். போனைத் திருப்பித் தந்தபோது உறையெல்லாம் மஞ்சள் விரல் ரேகை. கழுவியும் போகவில்லை.

அன்பானவர்தான், சந்தேகமில்லை. அம்மா இன்றைக்கும் அவரை விசாரிப்பார். ஆனால் அம்மா வேறொரு கோயிலின் பெயரைச் சொல்லியிருந்தால் எனக்கு அதே டம்ளரில் இரண்டாவது காப்பி வந்திருக்குமா? என்னோடு வழக்கமாக வரும் தோழி அன்று வரவில்லை. வந்திருந்தால் அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டிருப்பார். அவளிடம் இதுவரை இந்தக் கதையை நான் சொல்லவில்லை.

பழைய ஹீரோ ஜெட்

ஏட்டுச்சுவடிக்கு. ஆடு மேய்க்கிற ஆத்தா ஒரு பாசிமணிக்காக ஈரோடு கலெக்டர் ஆபீசில் மனு எழுதிக் கொடுக்க வேண்டுமா? பஸ் செலவை யார் தருவது, ஆட்டை யார் பார்ப்பது? உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால் நீங்களே போய்க் கேட்டு வாங்கித் தொல்லியல் துறையிடம் ஒப்படையுங்கள். எந்தக் காடு என்று மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம்.

வாய்க்கால்கரை எழுதியதைப் படித்தேன். என்னை "சாமி" என்று கூப்பிடும்முன் அந்த ஆத்தா எதுவும் கேட்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

சேவூரான்

சண்டையை நிறுத்துங்கப்பா. அவினாசியிலிருந்து சேவூர் வழியாகப் புளியம்பட்டி போகிற ரோட்டை விட்டு உள்தடங்களில் நுழைந்தால் வேப்ப மரத்தடியில் அங்கங்கே புலிகுத்திக்கல் நிற்கும். பட்டியில் புகுந்த புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவனுக்கு ஊர்க்காரர்கள் நட்ட நடுகல். நான் சொல்வது முழங்கால் உயரம்தான். புலி பின்னங்காலில் எழுந்து நிற்கிறது, இவன் ஈட்டியை அதன் வயிற்றில் இறக்குகிறான். கொண்டையை இடப்பக்கம் முடிந்திருக்கிறான். எண்ணெய் தடவித் தடவி அவன் மூக்கு மழுங்கிவிட்டது, புலியின் பல் மட்டும் கூராக இருக்கிறது.

சைக்கிளை எங்கே நிறுத்துவது என்று பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஸ்டாண்டு கிடையாது. திண்ணையில் படுத்திருந்த அப்பச்சி ஒருவர் எழாமலே குரல் கொடுத்தார்.

"அந்தக் கல்லு மேல சாத்து கண்ணு."

"சாமியாச்சேங்க?"

"புலியவே தாங்குனவன், உன்ற சைக்கிளத் தாங்க மாட்டானா? சாத்து."

சாத்தினேன். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு அம்மா வந்து, "இந்தக் கெழவனுக்கு வேற வேலையில்ல" என்று சைக்கிளை எடுத்து மரத்தில் சாய்த்துவிட்டுப் போனார். அவர் போனதும் அப்பச்சி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, மறுபடி கல்லைக் கை காட்டினார்.

நெருஞ்சிமுள்

எங்கே சாத்தினாலும் இடப்பக்கத்தைச் சாத்துங்கள். கியர் இருக்கும் வலப்பக்கம் கல்லில் இடித்தால் ஹேங்கர், அதாவது பின் கியரைத் தாங்கும் துண்டு, வளைந்துவிடும், அப்புறம் மேட்டில் கியர் மாற்றும்போது செயின் ஆரக்கம்பிக்குள் போய் மாட்டும்.