காபி இயந்திரம், 49 யூரோ கையேடு, பதினேழு மிக்ஸி ஜார்கள்

நெதர்லாந்தின் ஐந்தோவனுக்கு வேலைக்கு வந்து ஒன்பதாவது மாதம். சமுதாயக் கூடத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை, கெட்டுப்போன பொருள்களை இலவசமாகப் பழுதுபார்த்துத் தரும் ‘ரிப்பேர் கஃபே’ நடக்கிறது, சாலிடரிங் தெரிந்தவர்கள் வரலாம் என்று ஒரு கடையின் அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டுப் போனேன். டச்சு மொழியில் எண்களும் ‘நன்றி’யும்தான் அப்போது எனக்குத் தெரியும். என் மேசைக்கு முதலில் வந்தவர் எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி, கையில் காபி இயந்திரம். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் தண்ணீர் இல்லை என்று விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். பக்கத்து மேசைக்காரர் என்னைத் தடுத்து, தொட்டியைக் கழற்றி உள்ளே காட்டினார். காந்தம் பொதிந்த சிறு மிதவை ஒன்று சுண்ணாம்பு படிந்து அடியில் ஒட்டிக் கிடந்தது. அது மேலே எழுந்தால்தான் தண்ணீர் இருப்பது இயந்திரத்துக்குத் தெரியும். கால் மணி நேரம் வினிகரில் ஊறவைத்ததும் மிதவை எழுந்தது, காபியும் வந்தது. முதல் கோப்பை எனக்குத்தான் என்று பாட்டி பிடிவாதம் பிடித்தார்.

இந்தக் கூட்டங்களைத் தொடங்கியவர் மார்ட்டீன் போஸ்ட்மா என்ற பத்திரிகையாளர். முதல் கூட்டம் 2009 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் நடந்தது. பிறகு அவர் அமைத்த அறக்கட்டளையின் கையேட்டை வைத்துக்கொண்டுதான் இன்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழுக்கள் நடக்கின்றன. ஆனால் மண்டலப் பொறுப்பாளர், மாதாந்திர ஆய்வுக் கூட்டம் எதுவும் நான் பார்த்ததில்லை. சங்கம் என்றாலே தலைவர், செயலாளர், பொருளாளர், முதல் ஆண்டிலேயே ஒரு பிளவு என்று பழகிய எனக்கு இது விசித்திரமாக இருந்தது. எங்கள் குழு தொடக்கத்தில் ஒரே தடவை 49 யூரோ கட்டியிருக்கிறது. கையேடு, லோகோ, சுவரொட்டி மாதிரி, படிவங்கள், விதிகள் எழுதிய தாள் ஆகியவை அதற்குக் கிடைத்தன. லாப நோக்கம் கூடாது, வேலை இலவசம் என்பதற்கு ஒப்புக்கொண்டால் பெயரைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கூடத்து வாடகை, காபித்தூள், உண்டியல், யாருக்கு எந்த மேசை என்பதெல்லாம் உள்ளூர்க்காரர்கள் பாடு.

அந்த விதித் தாளில் பட்டறிவு தெரிகிறது. சரியாகாவிட்டாலோ மேலும் கெட்டுப்போனாலோ பழுதுபார்த்தவர் பொறுப்பல்ல. உதிரிப் பாகத்துக்கு உரிமையாளர்தான் பணம் தர வேண்டும். கூட்டம் இருந்தால் ஒருவருக்கு ஒரு பொருள்தான். ஒரு முறை என் மேசையில் ஒரு டோஸ்டர் புகைந்து மொத்தமாகப் போய்விட்டது. கொண்டுவந்தவருக்கு முகம் சிவந்துவிட்டது. வாசலில் வரவேற்பைக் கவனிக்கும் அம்மையார், விதிகளுக்கு ஒப்புக்கொண்டு டோஸ்டர்காரர் கையெழுத்துப் போட்ட தாளை எடுக்கவே இல்லை. ஒரு காபியைக் கொடுத்து அவரை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். தாள் மட்டும் இருந்து அந்த அம்மையார் இல்லாதிருந்தால் மறுமாதம் நான் அங்கே போயிருக்க மாட்டேன்.

———

ஐந்தோவன் அண்ணா, லண்டனில் எங்கள் கூட்டத்துக்கு வந்திருந்தால் ஸ்க்ரூடிரைவர் அந்தப் பாட்டியின் கையில் இருந்திருக்கும்! ஜேனட் கன்டரும் உகோ வல்லாவுரியும் தொடங்கிய ரீஸ்டார்ட் அமைப்பின் வழி அது. பொருளை வைத்துவிட்டுக் கடைக்குப் போய்வர முடியாது. கூட உட்கார்ந்து திறக்கவும் வேண்டும். ஜெர்மனியில் வேறு அமைப்பு, அமெரிக்காவில் வேறு. இவர்களையெல்லாம் ஒரே அமைப்பாக்க முயன்றிருந்தால் எந்தப் பெயரை வைப்பது என்ற சண்டையிலேயே பத்து ஆண்டு போயிருக்கும் என்பது என் கணிப்பு. ‘ஓபன் ரிப்பேர் அலையன்ஸ்’ என்று கூட்டணி அமைத்தபோது, பழுதை எப்படிப் பதிவது என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள். பொருளின் வகை, வயது, கோளாறு, சரியானதா, இல்லையென்றால் ஏன். இதுபோக 2017 முதல் அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமையைப் பழுதுபார்க்கும் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

எனக்கு அந்தப் படிவத்தைக் கண்டாலே எரிச்சல். கையெல்லாம் பிரிண்டர் மை, வரிசையில் ஆறு பேர், இதில் கட்டம் கட்டமாக எழுத வேண்டுமாம். பல மாதங்கள் பாதியைக் காலியாகவே விட்டேன். பிறகு, பல நாட்டுக் குழுக்கள் பதிந்த பிரிண்டர் கோளாறுகளை இணையத்தில் படித்து வகை பிரிக்கும் வேலை வந்தது. நானும் உட்கார்ந்தேன். யாரோ ஒருவர் ‘ஓடவில்லை’ என்று ஒரே சொல்லில் முடித்திருந்தார். எந்த வகையில் போடுவது? என் கையெழுத்தையே பார்த்ததுபோல் இருந்தது. ஐரோப்பாவில் பழுதுபார்க்கும் உரிமைக்காக வாதாடியவர்கள் இப்படித் திரட்டிய பதிவுகளையும் எடுத்துக்காட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-ல் அதற்கான சட்டம் நிறைவேறியது. இப்போது ஒரு கட்டத்தையும் நான் விடுவதில்லை.

———

நான் பெங்களூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே 2015-லேயே ரிப்பேர் கஃபே வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் அடுக்ககத்திலும் சிறிய அளவில் நடத்தினோம். நல்ல கையேடுதான், ஆனால் புதுப் பொருளின் விலையைவிடப் பழுதுபார்க்கும் கூலி அதிகமாக இருக்கும் ஊரில் எழுதியது. எங்கள் தெருமுனையிலேயே மிக்ஸி, குக்கர், மின்விசிறி எல்லாம் பார்க்கும் தர்மபுரிக்காரப் பெரியவர் ஒருவர் தள்ளுவண்டியோடு இருக்கிறார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பதினேழு மிக்ஸி ஜார்கள் வந்தன. பாதிப் பேர் “சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன் அங்கிள்” என்று வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் பெரியவர் என்னை நிறுத்தினார். “சார், நீங்கள் ஆபீஸ் போகிறவர்கள். என் வேலையை எதற்குச் சும்மா செய்கிறீர்கள்?”

கடைக்கே போகாதவர்கள்தான் எங்களிடம் வருகிறார்கள், அதனால் கடைக்காரர்களுக்குப் போட்டியில்லை என்பது இந்தக் குழுக்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். ஐந்தோவனில் அது உண்மையாக இருக்கலாம். இங்கே அந்தப் பதினேழு ஜார்களும் அவரிடம் போயிருக்க வேண்டியவை. அவர் முகத்தைப் பார்த்து அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த முறை நடு மேசையை அவருக்குக் கொடுத்தோம். ஜார் வேலைக்கு அவர் கேட்கும் கூலி அவருக்கு. நாங்கள் ரேடியோ, டேபிள் லாம்ப், பொம்மை கார் பக்கம் ஒதுங்கிக்கொண்டோம். வேலை இலவசமாக இருந்தால்தான் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்பதால் பெயரை விட்டுவிட்டோம். சுவரொட்டியில் ‘பழுதுபார்க்கும் ஞாயிறு’ என்று மட்டும் தமிழிலும் கன்னடத்திலும் எழுதினோம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

படிவத்தை மட்டும் விடவில்லை. பெரியவர் ஜாரைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் கப்ளரை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்து, “புஷ் தேய்ந்திருக்கிறது, தண்ணீர் இறங்கியிருக்கிறது” என்று சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். லண்டன் தங்கைக்கு ஒரு கேள்வி: உங்கள் வகைப் பட்டியலில் மிக்ஸி ஜாருக்குத் தனி இடம் உண்டா, அல்லது சமையலறைச் சிறு பொருள் என்றே போட்டுவிடலாமா? அறுபத்து மூன்று ஜார்கள் எழுதி வைத்திருக்கிறோம்.