மீக்கடத்திச் சந்தியில் வெப்பம்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

மின்தடையே இல்லாத பொருளில் வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று புதிதாகச் சேரும் மாணவர்கள் கேட்பார்கள். அதே கேள்வியில் நான் மூன்று வாரம் சிக்கிக் கிடந்திருக்கிறேன். நியோபியம் என்ற மீக்கடத்தி உலோகத்தின் இரண்டு படலங்களுக்கு நடுவே மெல்லிய சாதாரண உலோகத்தை வைத்துச் செய்த ஜோசப்சன் சந்தி அது. அதை 4.2 கெல்வினுக்குக் குளிர்வித்து, 70 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையைச் செலுத்தினால், மின்னோட்டத்தைச் சற்றுக் கூட்டினாலும் மின்னழுத்தம் 145 மைக்ரோவோல்ட்டில் தட்டையான படியாக நிற்க வேண்டும். நின்றது, ஆனால் படியின் விளிம்புகள் மழுங்கியிருந்தன.

நுண்ணலையின் திறனைக் கூட்டக் கூட்ட, மின்னழுத்தம் தோன்றாமல் பாயக்கூடிய உச்ச மின்னோட்டம் சுருங்கிச் சுழியாகி, பிறகு மீண்டும் தலைதூக்க வேண்டும். இத்தகைய சந்தியில் இவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் அது பெசல் சார்பு என்ற கணித வளைவை ஒட்டியே ஏறி இறங்கும். எங்களிடம் போனது போனதுதான். இரைச்சல் என்று எண்ணி வடிகட்டிகளை மாற்றி நாட்களை வீணாக்கினேன். பிறகு நுண்ணலையைச் சிறு துடிப்புகளாக விட்டு, துடிப்பு நீடிக்கும் கணத்தில் மட்டும் அளந்தபோது, அதே உச்சத் திறனில் மின்னோட்டம் திரும்பி வந்தது. ஆகவே சிக்கல் வெப்பத்தில்தான். மின்னழுத்தம் ஊசலாடும்போது, தடையின்றிப் பாயும் எலக்ட்ரான் சோடிகளான கூப்பர் இணைகளோடு கூடவே இணை சேராத எலக்ட்ரான்களும் நடுவிலுள்ள உலோகத்தின் வழியே ஓடுகின்றன; ஆற்றல் கரைவது அவற்றால். சில்லு வெற்றிடக் குடுவைக்குள் இருந்ததால், அவ்வெப்பம் வெளியேற அடியிலிருந்த பசையே முதன்மை வழி. உருப்பெருக்கியில் பார்த்தால், அந்தப் பசை ஒரு மூலையில் பெயர்ந்து, சில்லு மயிரிழை அளவு தூக்கி நின்றது.

*

தங்கள் முடிவு சரியென்றே எனக்கும் படுகிறது, ஐயா. உங்கள் நுண்ணலை நேரடியாகக் கூப்பர் இணைகளை உடைத்திருக்காது; நியோபியத்தின் இணையை உடைக்க ஏறத்தாழ 700 கிகாஹெர்ட்ஸ் ஃபோட்டான் வேண்டும், 70 போதாது. அலுமினியத்துக்கோ 90 அளவே போதும் என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன். 20 மில்லிகெல்வினில் இருந்த அலுமினியச் சந்தியை வெறும் 6 கிகாஹெர்ட்ஸில்தான் இயக்கினோம். ஆயினும் ஆற்றல் எதிர்பார்த்ததைவிட விரைவாகக் கரைந்தது. குளிர்விப்பியின் வெப்பம் கூடிய மேல் தட்டுகளின் அகச்சிவப்புக் கதிர், கவசத்தில் நாங்களே திருகாணிக்காகத் துளைத்து மறந்துவிட்ட ஓட்டை வழியே நுழைந்து இணைகளை உடைத்துக்கொண்டிருந்தது. ஓட்டையை அடைத்து, உட்புறம் கரித்தூள் கலந்த எபாக்சியைப் பூசிய பிறகே இழப்பு குறைந்தது.